தின்ற சோற்றின் கணக்கு

மலையமான் திருமுடிக்காரி கூலிக்குப் போர் செய்தவன் என்று திருக்கோவிலூர்ப் பக்கம் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவன், கேட்டவருக்குத் தேர் கொடுத்தவன், கபிலரே பாடிய ஆள் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் தேர் தேராகக் கொடுக்க அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. அதற்கும் கபிலரே பதில் சொல்லியிருக்கிறார், புறநானூற்றின் 122ஆம் பாட்டில். மூவேந்தரில் யாருக்குச் சண்டை வந்தாலும் துணைக்கு வரச் சொல்லி இவனிடம் ஆள் வரும். போவான், ஜெயித்துக் கொடுப்பான், பொருளோடு திரும்புவான். அந்தப் பொருள் பாட வந்தவர்களுக்குப் போய்விடும். நிலமோ அந்தணர்களுக்கு. கடைசியில் அவனுக்கென்று மிஞ்சியது மனைவி ஒருத்திதான் என்று முடிக்கிறார் கபிலர்.

அதே நூலில் 125ஆம் பாட்டு இன்னும் வேடிக்கை. சோழனுக்கும் சேரனுக்கும் போர். தேர்வண் மலையன் என்ற மலையமான் ஒருவன் சோழன் பக்கம் நின்றான். போர் முடிந்ததும் இவனால்தான் ஜெயித்தோம் என்றான் வென்றவன். இவன் மட்டும் வராதிருந்தால் நாம் ஜெயித்திருப்போம் என்றான் தோற்றவன். கூலிக்குப் போனவனுக்கு இதைவிட நல்ல நற்சான்று எந்தக் காலத்திலும் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

எனக்கு நெருடுவது வேறு இடம். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவன். காரியின் குதிரைக்குப் பெயர் காரி, ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. அந்த அளவுக்கு ஒரே வார்ப்பு. அந்த ஓரியைக் காரி கொன்றான். கொன்று, கொல்லிமலையைத் தான் வைத்துக்கொள்ளவில்லை, சேரனுக்குக் கொடுத்தான். ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்று, வந்ததை மூன்றாவது ஆளுக்குத் தானம் செய்தான். இந்தத் தானத்தில் புண்ணியம் எவ்வளவு, பாவம் எவ்வளவு, யார் பெயரில் எது?

பின்னாளில் மலையமானின் பிள்ளைகளைப் பிடித்து யானையை விட்டு மிதிக்கச் சொன்னான் கிள்ளிவளவன். கோவூர் கிழார் குறுக்கே நின்று பாடிக் காப்பாற்றினார். சின்னப் பிள்ளைகள், யானையைப் பார்த்ததும் அழுகையையே மறந்துவிட்டார்களாம். பாட்டில் மன்னன் இருக்கிறான், புலவர் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், யானை இருக்கிறது. யானை தானாக மிதிக்காது. கழுத்தில் அங்குசத்தோடு ஒருத்தன் உட்கார்ந்திருந்திருப்பான். பாட்டில் இல்லாத அந்தப் பாகனைத்தான் நான் ரொம்ப வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். புலவர் வர நாழிகை தப்பியிருந்தால் அந்த வினை யாரைச் சேர்ந்திருக்கும்?

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் உண்டு. நானும் சம்பளத்துக்குத் துப்பாக்கி பிடித்தவன். மணலூர்பேட்டையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு, பட்டாளத்தார் என்றால்தான் தெரியும். 1983இல் சேர்ந்தேன். தேசபக்தியால் சேர்ந்தேன் என்று சுதந்திர தினக் கூட்டத்தில் பேசும்போது சொல்வதுண்டு. நிஜம் என்னவென்றால் அப்பா மல்லாட்டை போடுகிற கொல்லையை அடமானம் வைத்திருந்தார். நீலகிரியில் வெலிங்டனில் பயிற்சி முடித்து, நான் அனுப்பிய மணியார்டர்களில்தான் அது மீண்டது. இன்றைக்கும் பென்ஷன் வருகிறது, கொல்லையும் இருக்கிறது.

மதராஸ் ரெஜிமெண்டின் போர்முழக்கம் ஊருக்கே தெரியும்: வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு. அதன் இலட்சிய வாசகம் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து வந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. தன் தர்மத்தில் நின்று சாவதே மேல் என்று பொருள். முழக்கத்தைத் தொண்டை கிழியக் கத்தினோம். வாசகத்தை இலட்சியமாக வைத்திருந்தோம். இரண்டுக்கும் நடுவே என்ன உறவு என்று எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தூங்கியிருப்போம்.

இப்போது என் தங்கை பேரன் ஒருவன் விடியற்காலையில் ரோட்டில் ஓடிப் பழகுகிறான். அக்னிவீர் ஆக வேண்டுமாம். 2022இல் வந்த திட்டம்: நாலு வருஷம் வேலை, அதன் பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். “தாத்தா, டீக்கடையில எங்களைக் கூலிப்படைன்னு கிண்டல் பண்றாங்க. நீங்க நாட்டுக்காகப் போனீங்களாம், நாங்க காசுக்காகப் போறோமாம்” என்றான். பேப்பரில் கூலிப்படை என்றால் அரிவாளோடு வந்து வெட்டிவிட்டுப் போகிறவர்கள். அந்த வரிசையில் வைத்துவிட்டார்களே என்று பையனுக்கு வருத்தம். “நானும் காசுக்குத்தான்டா போனேன்” என்றேன். அவன் சிரிக்கவில்லை.

படைகளைத் தரம் பிரிப்பது நமக்குப் புதிதில்லை. திருக்குறளில் படைமாட்சிக்கு உரை எழுதப் புகும் பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறாகப் பிரித்து, தலைமுறையாக வந்த மூலப்படையே சிறந்தது என்கிறார். கௌடில்யர் வரிசையிலும் மூலப்படைக்கு அடுத்த இடம் கூலிப்படைக்குத்தான். ஆறில் இரண்டாவது என்பது கேவலமான இடமில்லை. இத்தாலியில் மாக்கியவெல்லி மட்டும் கூலிப்படையை நம்பினவன் கெட்டான் என்று ஒரே போடாகப் போட்டார். இவர்கள் மூவரும் பார்த்தது அரசனின் இடத்திலிருந்து. எந்தப் படை கைவிடாது என்பது அவர்கள் கவலை. படையில் நிற்கிறவனுக்கு என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வியே இல்லை.

நிற்கிறவனின் கேள்வி பாரதத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பாரதம் புத்தகத்திலிருந்து வந்ததைவிடக் கூத்திலிருந்து வந்ததே அதிகம். திரௌபதி அம்மன் கோயிலில் பகலெல்லாம் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. கர்ண மோட்சம் ஆடுகிற ராத்திரியில் கண் கலங்காத பெண்ணைப் பார்க்க முடியாது. தம்பிகள் என்று தெரிந்தும் துரியோதனனுக்கு நின்றான், செஞ்சோற்றுக் கடன் தீர்த்தான் என்று கர்ணனைக் கொண்டாடுகிறோம். ஆனால் பீஷ்மரின் ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்த கூத்துகளில் அது வந்ததில்லை.

கீதை முடிந்து அர்ஜுனன் வில்லைக் கையில் எடுத்துவிட்டான். இரண்டு பக்கமும் சங்கு ஊதியாகிவிட்டது. அந்த நேரத்தில் தர்மர் கவசத்தைக் கழற்றிவிட்டு, ஆயுதமில்லாமல், எதிரிப் படைக்குள் நடந்து போகிறார். பீஷ்மர் காலில் விழுந்து ஆசி கேட்கிறார். பீஷ்மர் ஆசி கொடுத்துவிட்டுச் சொல்கிறார்: மனுஷன் பொருளுக்கு அடிமை, பொருள் யாருக்கும் அடிமையில்லை, கௌரவர்கள் என்னைப் பொருளால் கட்டிவிட்டார்கள், அதனால்தான் ஆண்மையற்றவனைப் போல இப்படிப் பேச வேண்டியிருக்கிறது. அடுத்து துரோணரிடம் போகிறார் தர்மர். அதே பதில். கிருபர், அதே பதில். சல்லியனும் அதையே சொல்கிறான். பலனை எதிர்பார்க்காமல் செய் என்று கண்ணன் பதினெட்டு அத்தியாயம் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் மறுபக்கத்துப் பெரியவர்கள் வரிசையாக நின்று நாங்கள் சோற்றுக்குச் சண்டை போடுகிறோம் என்கிறார்கள். வியாசர் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது தற்செயலாக இருக்காது.

சம்பளம் என்பது கீதை சொல்கிற பலன்தானா என்று நான் பாசறையில் படுத்துக்கொண்டு யோசித்ததுண்டு. இல்லை என்றுதான் தோன்றியது. காவல் நின்ற இரவுக்கும் சம்பளம், காய்ச்சலில் படுத்த நாளுக்கும் சம்பளம். ஜெயித்தாலும் தோற்றாலும் மாதம் பிறந்தால் வரும். செய்த செயலிலிருந்து அது முளைக்கவில்லை. காரிக்கு வந்தது வேறு, அது வெற்றியின் விலை. எனக்கு வந்தது நான் அங்கே இருந்ததற்கான படி. ஆகவே நான் காரியைவிடச் சுத்தமானவன் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். யாழ்ப்பாணம் போகிற வரைக்கும் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். முதலில் மாலை போட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அக்டோபரில் சண்டை தொடங்கிவிட்டது. வீடு வீடாகத் தேடும்போது தமிழ் பேசுகிறவனை முன்னால் நிறுத்துவார்கள். நான் நின்றேன். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, நீங்கள் தமிழ் ஆக்களே?” என்றார். “ஆமாம்மா” என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அலமாரிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். 1990 மார்ச் 24இல் கடைசிப் பிரிவு கப்பலேறும்போது எங்கள் தரப்பில் ஆயிரம் பேருக்கு மேல் செத்திருந்தார்கள். அந்த மண்ணின் ஜனங்கள் செத்ததையும் கண்ணால் பார்த்தேன்.

ஓய்வு பெற்று வந்த பிறகுதான் அதே தீவில் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் நடந்ததைப் படித்தேன். சோழர்களை விரட்டிவிட்டுப் பொலன்னறுவையில் ஆண்டவன் முதலாம் விஜயபாகு. அவனிடம் வேளைக்காரப் படை சம்பளத்துக்கு இருந்தது. தமிழர் பெரும்பாலும், மலையாளிகளும் வடுகரும் கலந்த படை. கர்நாடகத்து அரசனிடம் அனுப்பிய தூதர்களின் மூக்கையும் காதையும் சோழர்கள் அறுத்தார்கள் என்று கோபம் கொண்டு, சோழநாட்டின் மேல் படையெடுக்க உத்தரவு போட்டான் ராஜா. 1085 வாக்கில். வேளைக்காரர் போக மறுத்தார்கள். மறுத்ததோடு நிற்கவில்லை, தளபதிகள் இருவரைக் கொன்றார்கள், அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். ராஜா தெற்கே ஓடி, ஆள் திரட்டிக்கொண்டு வந்து அடக்கினான். அந்தத் தளபதிகளின் சிதையிலேயே கலகத் தலைவர்களைக் கட்டிவைத்து எரித்ததாகச் சூளவம்சம் சொல்கிறது.

சொந்த ஜனத்தின் மேல் போகமாட்டோம் என்று காசுக்கு நின்றவர்கள் சொன்னார்கள். கீதை வாசகத்தை இலட்சியமாக வைத்திருந்த நாங்கள் போனோம். இதில் யார் கூலிப்படை? அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன், அரண்மனையை எரித்ததற்கு நியாயம் கிடையாது. சிப்பாய் ஒவ்வொருவனும் உத்தரவைத் தராசில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தால் படை என்று ஒன்று இருக்காது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிதையைப் பற்றி வாசித்த அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

கதை அதோடு முடியவும் இல்லை. விஜயபாகு செத்த பிறகு, அதே வேளைக்காரர்களைக் கூப்பிட்டுத்தான் புத்தரின் பல் வைத்த கோயிலைக் காவல் காக்கச் சொன்னார் ஒரு மகாதேரர். ஒப்புக்கொண்டு தமிழிலேயே கல்வெட்டு வைத்தார்கள். இந்தக் கோயிலையும் அதன் ஊர்களையும் ஆட்களையும் அடைக்கலம் என்று வந்தவர்களையும், நாங்களே அழிந்தாலும் காப்போம் என்று. பொலன்னறுவையில் அந்தக் கல் இன்னும் இருக்கிறது. கலகம் செய்தவர்களிடம் எப்படிக் கொடுத்தார் அந்தப் பிக்கு? என் ஊகம் இது: எதைச் செய்யமாட்டான் என்று தெரிந்த ஆளைத்தான் காவலுக்கு வைக்க முடியும். அவர்கள் செய்யமாட்டோம் என்று ஒன்றைச் சொல்லிக் காட்டியவர்கள்.

ஓதுவார் ஒருவர் எனக்குப் பழக்கம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் இங்கே தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். கூட்டம் நெரிகிற அன்று மணலில் உட்கார்ந்து இதையெல்லாம் அவரிடம் கொட்டினேன். அவர் அசரவில்லை. “பட்டாளத்தாரே, இதே பெண்ணைக்குக் கிழக்கே திருவெண்ணெய்நல்லூர்ல மெய்கண்டார் எழுநூறு வருஷம் முன்னாடியே முடிச்சு வச்சிட்டாரு” என்றார். சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம்: தான் என்பதை விட்டு, அவனோடு ஒன்றி, இறைபணியில் நிற்பவனை மலமும் மாயையும் வினையும் ஒட்டாது. ஏவலாள் செய்ததற்குக் கணக்கு எஜமானிடம். எஜமான் சிவனாக இருக்கிற வரைக்கும் எனக்கும் சம்மதம்தான். சிக்கல் என்னவென்றால், வரலாற்றில் இந்தச் சலுகையைக் கேட்காத ராஜாவும் தளபதியும் கிடையாது. என் உத்தரவை நிறைவேற்று, வினை என்னோடது என்பார்கள். செத்த பிறகு அந்தக் கையெழுத்து செல்லுமா?

காசுக்காக இல்லாமல் சாமிக்காகப் போனால் கை சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு, அந்த அண்ணாமலையாரையே காட்டலாம். போசள ராஜா மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையில் இருந்து ஆண்டவன், பிள்ளையில்லாதவன் என்பது கோயில் ஐதீகம். அவனுக்குப் பிள்ளையாக இருந்து ஒவ்வொரு மாசி மகத்திலும் பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார் அண்ணாமலையார். 1342இல் மதுரைச் சுல்தானோடு போரிட்டு, பிடிபட்டு, எண்பது வயதில் கொல்லப்பட்டுத் தோலுரிக்கப்பட்டான் வல்லாளன். இரண்டு மதத்தின் போர் என்று மேடையில் பேச இதைவிடச் சௌகரியமான கதை கிடைக்காது. ஆனால் அந்தச் சுல்தானுக்குச் சகலையான இபன் பதூதா எழுதி வைத்திருக்கிறார்: வல்லாளன் படையில் இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்தார்களாம். போக்கிரிகள், குற்றவாளிகள், ஓடிப்போன அடிமைகள் என்று அவர்களைத் திட்டுகிறார். தன் மதத்து ஆள் எதிர்ப்பக்கம் சோறு தின்றான் என்ற எரிச்சல் அது. எண்ணிக்கை கூடக் குறைய இருக்கலாம். ராஜாவுக்கு வருஷா வருஷம் கடவுளே திதி கொடுக்கிறார். அவனுக்காக நின்ற அந்த அடிமைகளுக்குக் கொடுக்க எந்தப் பிள்ளையும் இல்லை.

ஓதுவார் தத்தனைக் கொண்டு வந்தார். திருக்கோவிலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் மெய்க்காவலன் தத்தன். முத்தநாதன் திருநீறு பூசி, ஏட்டுச் சுவடிக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு வந்தபோது, ராஜா தூங்குகிறார் என்று வாசலில் தடுத்தவன் அவன்தான். குத்தியதைப் பார்த்ததும் வாளை ஓங்கினான். விழுந்து கிடந்த ராஜா, இவர் நம்மவர், பத்திரமாகக் கொண்டுபோய் விடு என்றார். ஊரே திரண்டு மறித்தது. தத்தன் தன் ராஜாவைக் கொன்றவனை நாட்டு எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து சேதி சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் நாயனார் கண் மூடினார். பீஷ்மரின் சோறு அவரைக் கொல்லச் சொன்னது, கொன்றார். தத்தனின் சோறு அவனைக் கொல்லாதே என்றது, கையை அடக்கினான். இரண்டும் கீழ்ப்படிதல்தான். ஆனால் அறுபத்துமூவரில் தத்தன் இல்லை. நான் அதைச் சொன்னபோது ஓதுவார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உறுமி மேளத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு இந்த விஷயத்தில் ஓரளவு மனசு ஒப்புவது பெரிய நூல்களில் கிடைக்கவில்லை, பக்கத்து ஊரில் கிடைத்தது. ஜம்பை. அங்கே குன்றின் குகையில் 1981இல் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று எழுதியிருக்கிறது. கோவலூரை, அதாவது திருக்கோவிலூரை, தாக்கிக் காரியை விரட்டிய அதே அஞ்சி. போருக்கு வந்த மண்ணில் சமணத் துறவிகளுக்குப் படுக்கை கொடுத்திருக்கிறான். அந்தச் சமணர்களோ செய்தவன், செய்யச் சொன்னவன், சரி என்று தலையாட்டினவன் மூவருக்கும் வினை உண்டு என்பவர்கள். கொடுத்தவனிடம் அதை அவர்கள் சொன்னார்களா, படுக்கையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார்களா?

அதே ஜம்பையின் சிவன் கோயிலில் ஒரு சோழர் காலக் கல்வெட்டு. ஊர் அதிகாரி ஒருவன் ஒரு பெண்ணிடம் வரி கேட்கிறான். நான் கொடுக்க வேண்டியதில்லை என்கிறாள். அவன் விடவில்லை, அவளைச் சோதனைக்கு உட்படுத்துகிறான். அவள் நஞ்சு குடித்துச் செத்துவிடுகிறாள். நாலு திசையிலிருந்தும் பதினெட்டு நாட்டிலிருந்தும் ஆட்கள் கூடி விசாரிக்கிறார்கள். வரி கேட்பது அவன் உத்தியோகம், ஏவியது அரசு, அவன் கையில் ஆயுதம் கூட இல்லை. அப்படியும் குற்றம் அவனுடையது என்று தீர்ப்பாயிற்று. பாவம் தீர 32 காசு கொடுத்துக் கோயிலில் விளக்கு வைத்தான்.

தங்கை பேரனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப்போனேன். கதையைக் கேட்டுவிட்டு, “அப்போ வரி போட்ட ராஜாவுக்கு எவ்வளவு தாத்தா அபராதம்?” என்றான். “ஒண்ணும் இல்லை” என்றேன். “இது எந்த ஊர் நியாயம்?” என்று கேட்டான். பதினெட்டு நாட்டு ஆட்கள் கூடின சபையில் அதைக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை என்பது எனக்கும் ஆறாத விஷயம்தான். ஆள் சேர்ப்பு முகாமுக்கு அடுத்த மாதம் போகிறான். போகட்டும், கொல்லைக்குக் கிணறு வெட்ட வேண்டியிருக்கிறது.